20 வாட்ஸ் எங்கே, 150 வாட்ஸ் எங்கே?

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. கோவையில் சொந்த வீடு. பாட்டுக் கேட்பதற்கென்றே 14க்கு 12 அடியில் ஒரு அறை, உயரம் 10 அடி. கேஈஎஃப் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கர், ஒரு டர்ன்டேபிள், இணையத்திலிருந்து பாட்டு ஓட்டும் ஒரு ஸ்ட்ரீமர், அப்பா விட்டுச்சென்ற நானூறு இசைத்தட்டுகள் இருக்கின்றன. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) மட்டும் பழையது, டிரான்சிஸ்டர் வகை, 40 வாட்ஸ். பெரும்பாலும் கச்சேரி, நாதஸ்வரம், பழைய சினிமாப் பாட்டு. விடியற்காலையில் மெதுவாக வைத்துக் கேட்பேன். ஞாயிறு மத்தியானம் நன்றாகச் சத்தம் வைப்பேன். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனமான நாதம் தரும் இடது பக்கம், ஊதிப்போய்க் கேட்கிறது. பாடகர் உச்ச ஸ்தாயிக்குப் போனால் காது கூசுகிறது. ஆறு லட்சம் வரை போட்டு, இதுதான் கடைசி ஆம்ப் என்று ஒன்றை வாங்கிவிட நினைக்கிறேன். யோகோஹாமாவில் இருக்கும் மகன், ஒருவர் உபயோகித்த லக்ஸ்மேன் எல்-550ஏஎக்ஸ் மார்க் 2 அங்கே நல்ல விலைக்குக் கிடைக்கிறது, பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறான். கடைக்காரர் ஹெகல் எச்190 எடுங்கள் என்கிறார். ஒன்று 20 வாட்ஸ், இன்னொன்று 150 வாட்ஸ். 20 எங்கே, 150 எங்கே? எதை எடுப்பது?

அன்புள்ள ஐயா,

ஆம்ப்புக்கு வருவதற்கு முன்னால் அந்தத் தொப்பியைப் பேசிவிடுவோம். ஆறு லட்சம் செலவழித்த பிறகும் தொப்பி அப்படியே ஊதிக்கொண்டிருந்தால் உங்களுக்கு மனசு ஆறாது. முப்பது வருஷமாக ஆம்ப் பழுதுபார்க்கும் மேஜையில் உட்கார்ந்திருப்பவன் நான். நல்ல நிலையில் இருக்கும் ஆம்ப்பை "பாஸ் சரியில்லை, பாருங்கள்" என்று தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அநேகம் பேர். மேஜையில் வைத்து அளந்தால் ஒரு குறையும் இருக்காது. குறை அவர்கள் அறையில் இருந்தது.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஸ்பீக்கர் இரண்டும் மூலையில் நிற்கின்றன. ஒன்று இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில். சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கிறது. தரை முழுக்க டைல்ஸ், ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. 14 அடி என்பது 4.27 மீட்டர். அந்த நீளத்தில் சுவருக்கும் சுவருக்கும் நடுவே 40 ஹெர்ட்ஸும், அதன் இரட்டிப்பான 80 ஹெர்ட்ஸும் தேங்கி நின்று அதிரும். 12 அடி அகலம் தன் பங்குக்கு 47ஐயும் 94ஐயும் தூக்கிவிடும். மிருதங்கத்தின் கும்கி (தொப்பியை அழுத்தி எழுப்பும் நாதம்) நடமாடுகிற பகுதி ஏறக்குறைய இந்த 80, 94 பக்கம்தான். மூலையில் நிற்கும் ஸ்பீக்கர் இந்த அதிர்வுகள் எல்லாவற்றையும் ஒருசேரக் கிளப்பும். சுவரோரம் உட்கார்ந்திருப்பவர் அதை முழு வீச்சில் வாங்கிக்கொள்வார்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். தொப்பி நன்றாகப் பேசுகிற ஒரு தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டு, சோபாவிலிருந்து எழுந்து அறையின் நடு வரை மெல்ல நடந்து வாருங்கள். இரண்டு மூன்று அடியிலேயே ஊதல் வடிந்துவிடும். இன்னும் சற்று நகர்ந்தால் ஏதோ ஓர் இடத்தில் தொப்பி சூம்பியே போகும். ஆம்ப் மாறவில்லை, ஸ்பீக்கர் மாறவில்லை, நீங்கள் நின்ற இடம் மட்டும்தான் மாறியது. எந்த இடத்தில் தொப்பி தோலும் காற்றுமாகச் சரியாகக் கேட்கிறதோ, அங்கே ஒரு நாற்காலியைப் போடுங்கள். ஸ்பீக்கர்களைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை இரண்டு அடி முன்னால் இழுத்து, பக்கச் சுவரிலிருந்தும் விலக்கி வையுங்கள். பீரோவை வேறு அறைக்கு மாற்றுங்கள். தொப்பி விழும்போது பீரோக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

காது கூசுவதற்கு அந்த டைல்ஸும் கண்ணாடியும் வெறும் சுவரும் ஒரு காரணம். இதற்கும் காசில்லாத சோதனை உண்டு. நீங்கள் கேட்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் ஒருவரை முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கேதான் ஒலி சுவரில் பட்டு உங்கள் காதுக்குத் திரும்புகிறது. இரண்டு பக்கத்திலும் அந்த இடத்தில் ஒவ்வொரு இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். பிறகு அதே உச்ச ஸ்தாயியைக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் மெத்தைக்குப் பதில் புத்தக அலமாரியோ கனமான திரையோ வைத்துக்கொள்ளலாம். தரைக்குப் பவானி ஜமுக்காளம் ஒன்று மட்டும் போதாது, அது மெல்லியது. மடித்து இரண்டு மூன்று அடுக்காகப் போட்டால்தான் ஓரளவு பலன்.

இதைச் செய்த பிறகும் உச்சத்தில் கூசினால் ஆம்ப்பின் மேல் சந்தேகப்படலாம். அதையும் அளந்தே சொல்ல முடியும். உங்கள் கேள்விக்கான விடையும் அந்த அளவில்தான் இருக்கிறது.

முதலில் காகிதக் கணக்கு. உங்கள் ஸ்பீக்கரின் திறன் 85 டெசிபல். அதாவது 2.83 வோல்ட் (மின்தடை 8 ஓம்ஸ் என்ற கணக்கில் ஒரு வாட்) கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து, இரண்டு ஸ்பீக்கரும் பாடும்போது உங்கள் அறையில் அது ஏறக்குறைய 81 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம். நிம்மதியாகக் கச்சேரி கேட்கும் சராசரிச் சத்தம் 75 டெசிபல். அதற்கு ஸ்பீக்கருக்குக் கால் வாட் போதும். கால் வாட்தான், எழுத்துப் பிழை இல்லை. ஆனால் நல்ல ஒலிப்பதிவில் தவிலின் ஒரு அடி சராசரியைவிட 20 டெசிபல் மேலே எகிறும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு சக்தி, ஆக 25 வாட்ஸ். ஞாயிறு மத்தியானம் சராசரியை 80க்கு ஏற்றினால் அதே அடிக்கு 80 வாட்ஸ் வேண்டும். இந்த ஸ்பீக்கருக்கு 40 முதல் 100 வாட்ஸ் வரை ஆம்ப் பொருத்தம் என்று கேஈஎஃப் சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், சாதாரணமானது போதும். 60 ஹெர்ட்ஸ் சைன் ஒலி (ஒரே சீரான ஒற்றைச் சுருதி), முழு அளவில், அதாவது 0 டெசிபலில் பதிவு செய்யப்பட்ட கோப்பு இணையத்தில் கிடைக்கும். ஸ்ட்ரீமரில் தாழ்வான அளவில் பதிவான ஒரு கச்சேரியைப் போட்டு, இதற்கு மேல் ஒருநாளும் வைக்க மாட்டேன் என்கிற அளவுக்குச் சத்தத்தை ஏற்றுங்கள். பாட்டை நிறுத்துங்கள். வால்யூம் திருகைத் தொடாதீர்கள். ஆம்ப்பை அணைத்து, ஸ்பீக்கர் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வயர் இல்லாமலே ஆம்ப்பை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது அந்த 60 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஒரு பக்கத்து ஸ்பீக்கர் முனைகளில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் படியுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றாமல் இந்த ஒலியை ஓட்டவே கூடாது, ஸ்பீக்கரில் பாஸைத் தரும் வூஃபர் போய்விடும். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடலாம். உங்களுடையது டிரான்சிஸ்டர், பயமில்லை.

மீட்டர் காட்டும் எண்ணை அதே எண்ணால் பெருக்கி 8ஆல் வகுங்கள். 14 வோல்ட் காட்டினால் 24.5 வாட்ஸ். அந்தச் சத்தத்தில், ஒரு கணம்கூட அதற்கு மேல் உங்களுக்குத் தேவைப்படாது. 20 வாட்ஸ் ஆம்ப்பின் எல்லை 12.6 வோல்ட். 150 வாட்ஸின் எல்லை 34.6 வோல்ட். உங்கள் பழைய 40 வாட்ஸின் எல்லை சுமார் 18. மீட்டர் 17, 18 என்று அங்கேயே முட்டிக்கொண்டு நின்றால், இப்போதே உங்கள் ஆம்ப் அலையின் உச்சியை வெட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காது கூசுவதில் அதற்கும் பங்கு உண்டு.

"20 எங்கே, 150 எங்கே" என்று கேட்டிருந்தீர்கள். விவரத்தாளில் வாட்ஸ் ஏழரை மடங்கு. டெசிபலில் 9கூட இல்லை. சத்தம் இரண்டு மடங்கு ஆனதுபோலத் தோன்ற 10 டெசிபல் வேண்டும். எனவே 150 வாட்ஸ் வாங்கினால் அறை அதிரும் என்று எண்ண வேண்டாம். 20 வாட்ஸ் ஆம்ப் தவில் அடியில் மூச்சுத் திணறும் இடத்தை இது அலட்டாமல் தாண்டும், அவ்வளவே. ஆனால் ஞாயிறு மத்தியானத்துக்கு அந்த "அவ்வளவே" தேவைப்படும்.

இன்னொரு விஷயம். உங்கள் ஸ்பீக்கர் 8 ஓம்ஸ் என்று எழுதியிருந்தாலும் சில இடங்களில் 3.5 ஓம்ஸ் வரை இறங்குகிறது. அங்கே ஆம்ப் இரண்டு மடங்குக்கு மேல் கரண்ட் தர வேண்டும். ஆம்ப்பின் விவரத்தாளில் 8 ஓம்ஸ் வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள். 4 ஓம்ஸில் எவ்வளவு என்று பாருங்கள். ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் ஏறினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் பவர் சப்ளையும் உண்மையிலேயே பலமாக இருக்கின்றன என்று கொள்ளலாம். லக்ஸ்மேன் 550 இந்தப் பரீட்சையில் முழு மார்க் வாங்கும்: 8 ஓம்ஸில் 20, 4 ஓம்ஸில் 40.

அருமையான ஆம்ப் அது, கிளாஸ் ஏ வகை. கிளாஸ் ஏ என்பதில் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஒருபோதும் ஓய்வதில்லை. கிளாஸ் ஏபியில், சத்தம் கூடும்போது அலையின் மேல்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் கைமாற்றிக்கொள்ளும். அந்தக் கைமாற்றும் இடத்தில் சிறு பிசிறு விழ வாய்ப்புண்டு. கிளாஸ் ஏயில் கைமாற்றமே கிடையாது. ஆனால் நல்ல கிளாஸ் ஏபி ஆம்ப்புகள் பலவற்றில் முதல் சில வாட்ஸ் கிளாஸ் ஏயாகத்தான் ஓடும். விடியற்காலையில் கால் வாட்டுக்கும் குறைவாகக் கேட்கும் உங்களுக்கு அந்த மென்மை கிளாஸ் ஏபியிலும் கிடைத்துவிடும்.

கிளாஸ் ஏக்குக் கொடுக்கும் விலை சூடு. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த மாதிரி ஆம்ப்புகள் 150, 200 வாட்ஸ் மின்சாரத்தை இழுத்துச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் பாதி என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். சில வருஷங்களுக்கு முன் ஒருவர் கிளாஸ் ஏ ஆம்ப் ஒன்றைக் கொண்டுவந்தார். கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு ஷோகேஸில் வைத்திருந்தாராம். மூடியைத் திறந்தேன். பெரிய கெப்பாசிட்டர்களின் தட்டையான தலை, உப்பிய பூரிபோல மேலே எழும்பியிருந்தது. ஒன்றின் அடியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. பக்கத்திலிருந்த ரெசிஸ்டர்களின் வண்ணக் கோடுகள் கருத்து, எந்த மதிப்பு என்றே படிக்க முடியவில்லை. ஆம்ப்பின் மேல் எனக்கு வருத்தமில்லை, அது மூச்சுவிட இடம் கேட்டிருக்கிறது. கோவையின் காற்று சென்னையைவிடப் பரவாயில்லை என்றாலும் உங்கள் படத்திலும் ஒரு மூடிய அலமாரி தெரிகிறது. எந்த ஆம்ப் வாங்கினாலும் அதற்குள் வைக்காதீர்கள்.

அடுத்தது 100 வோல்ட். ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்காகச் செய்த ஆம்ப் 100 வோல்ட்டில் ஓடுவது. நம் வீட்டில் 230. தெரியாமல் ஒருமுறை செருகினால் போதும், கதை முடிந்தது. யாராவது ஒருநாள் அறையைப் பெருக்கிவிட்டு வேறு பிளக்கில் மாட்டிவிட்டால் என்ன செய்வீர்கள்? 230ஐ 100 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித்தர கோவையில் ஆளுக்கா பஞ்சம், மோட்டார் ஊர் ஆயிற்றே. அப்படிச் சுற்றுவதானால் ஒரே சுருளில் முனை எடுக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். இரண்டு தனிச் சுருள் உள்ள ஐசொலேஷன் வகை, 1 கேவிஏ, கேட்டு வாங்குங்கள். ஆட்டோ வகையில் சுருள் அறுந்தால் 230 வோல்ட் அப்படியே ஆம்ப்புக்குள் போய்விடலாம். இவ்வளவும் செய்தாலும் இங்கே வாரண்டி கிடையாது, சுங்க வரி தனி, ஒருவர் உபயோகித்த பொருள், இருபது கிலோவுக்கு மேல் எடை. இதுதான் கடைசி ஆம்ப் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி ஆம்ப்புக்கு உள்ளூரில் உதிரிப் பாகமும் பொறுப்பேற்கும் ஆளும் வேண்டும். ஆகவே மகன் கொண்டுவரும் யோசனை வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து.

ஹெகல் எச்190 நல்ல பலசாலி. உங்கள் ஸ்பீக்கர் அதற்கு ஒரு பாரமே இல்லை. உள்ளேயே டாக்கும் (டிஜிட்டல் பாட்டை ஒலி அலையாக மாற்றும் பகுதி) நெட்வொர்க்கும் இருக்கின்றன. ஆனால் அதில் ஃபோனோ, அதாவது இசைத்தட்டு ஊசியின் சிறு சிக்னலைப் பெருக்கித் தரும் பகுதி, இல்லை. உங்கள் நானூறு தட்டுகளுக்குத் தனியாக ஒரு ஃபோனோ பெட்டி வாங்க வேண்டும். பின்னால் வந்த எச்190வி மாடலில் எம்எம் (காந்தம் அசையும்) வகைக் கார்ட்ரிட்ஜுக்கான, அதாவது ஊசி பொருத்திய சிறு பாகத்துக்கான, ஃபோனோ சேர்த்திருக்கிறார்கள், ஹெகல்தான் என்றால் அதைக் கேளுங்கள். இரண்டிலும் பாஸ், ட்ரெபிள் திருகு கிடையாது. டேம்பிங் ஃபேக்டர், அதாவது ஸ்பீக்கரின் 8 ஓம்ஸை ஆம்ப்பின் உள்தடையால் வகுத்த எண், 4000க்கு மேல் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அந்த எண்ணுக்காக வாங்காதீர்கள். 4000 என்றால் ஆம்ப்பின் உள்தடை 0.002 ஓம். மூன்று மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால், போக வர அதன் தடையே 0.04 ஓம். வயர் மட்டுமே ஆம்ப்பைவிட இருபது மடங்கு. அந்த 0.04உம் காதுக்கு எட்டாத அளவுதான். அதனால் வீட்டு வயரிங்குக்கு வாங்கும் நல்ல 2.5 வயரே போதும், ஸ்பீக்கர் கேபிளுக்கு ஐம்பதாயிரம் கொடுக்காதீர்கள்.

பாஸ், ட்ரெபிள் திருகு இருந்தால் ஒலியின் தூய்மை கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சத்தம் குறையக் குறைய நம் காது பாஸைத்தான் முதலில் விடும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு, வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போது மெல்லக் கேட்கும் உங்களுக்குத் தம்புராவின் அடி நாதம் காதில் விழ வேண்டுமானால், பாஸை ஒரு நூல் திருப்பிக்கொள்ள வசதி வேண்டும். பழைய தட்டுகள் சில கூர்மையாகக் கத்தும். அதற்கு ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

எனவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் கேட்டுப்பார்ப்பது அதே லக்ஸ்மேன் குடும்பத்தின் எல்-505இசட். கிளாஸ் ஏபி, 8 ஓம்ஸில் 100 வாட்ஸ், 4 ஓம்ஸில் 150. எம்எம், எம்சி (சுருள் அசையும் வகை) இரண்டு கார்ட்ரிட்ஜுக்கும் ஃபோனோ உண்டு, பாஸ் ட்ரெபிள் உண்டு. இங்கே வாரண்டியோடு, 230 வோல்ட்டுக்கானதை மட்டும் வாங்குங்கள். விலை உங்கள் ஆறு லட்சத்தைத் தாண்டினால் இழுத்துப்பிடித்து வாங்க வேண்டாம். இங்கிலாந்தின் ரேகா எலிசிட் மார்க் 5 இருக்கிறது: 105 வாட்ஸ், எம்எம் ஃபோனோ, உள்ளேயே டாக். பாஸ் திருகு இல்லை என்பது ஒன்றுதான் குறை. டிரான்சிஸ்டர்களை மிக வேகமாக ஆன், ஆஃப் செய்து ஓடும் கிளாஸ் டி வகையை நீங்கள் கேட்கவில்லை. இன்றைய நல்ல கிளாஸ் டி எதற்கும் சளைத்ததில்லை, சூடும் குறைவு. ஆனால் பத்து வருஷம் கழித்து அதன் போர்டை இங்கே ஒருவர் பழுதுபார்த்துத் தருவார் என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடியவில்லை.

எதை எடுப்பதானாலும் உங்கள் அறையில், உங்கள் ஸ்பீக்கரில் வைத்துக் கேட்ட பிறகே பணம் கொடுங்கள். ஒப்பிடும்போது கண்டிப்பாக அதே மீட்டரை எடுங்கள். இந்த முறை 100 ஹெர்ட்ஸ் ஒலி, மெதுவான சத்தம், ஸ்பீக்கர் மாட்டியபடியே. ஒரு ஆம்ப் 1 வோல்ட் காட்டும்படி வைத்தால் மற்றதும் 0.99க்கும் 1.01க்கும் நடுவே நிற்கட்டும். இம்மியளவு சத்தம் கூடுதலாக இருந்தாலும் காது அதைச் சத்தம் என்று சொல்லாது. "இது தெளிவாக இருக்கிறது, இதில் ஜீவன் இருக்கிறது" என்று சொல்லும். திருகு எந்த மணியில் நிற்கிறது என்பதை வைத்து ஒப்பிடவே முடியாது, ஒவ்வொரு ஆம்ப்பும் ஒவ்வொரு மாதிரி. ஒரே பாட்டை, இரண்டு மூன்று நாள், விடியற்காலை ஒருமுறையும் மத்தியானம் ஒருமுறையும் கேளுங்கள்.

வீட்டு எர்த்தையும் ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியையும் நியூட்ரல் இணைப்பையும் கவனிக்க வேண்டும். டர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். ஊசியிலிருந்து வருவதே சில மில்லிவோல்ட்தான், அதில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் எளிதில் ஏறிவிடும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் வகையில் மட்டும்.

மகன் ஆசையாகக் கொண்டுவருகிறேன் என்றதை மறுக்க உங்களுக்கு மனம் வராது என்று தெரிகிறது. அவரிடம் வேறொன்று கேளுங்கள். ஆடியோ டெக்னிகாவின் விஎம்95 வரிசை எம்எம் கார்ட்ரிட்ஜ், உள்ளங்கையில் அடங்கும், வோல்டேஜ் தொல்லை கிடையாது. அதே உடலில் ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அப்பாவின் நானூறில் 78 சுற்றுத் தட்டுகள் எத்தனை என்று முதலில் பிரித்து எண்ணிப் பாருங்கள். அவற்றின் பள்ளம் அகலமானது. எல்பி ஊசியை அதில் ஓட்டினால் அடியில் உரசி, ஊசியும் போகும், பாட்டும் தெளிவாக வராது. அவற்றுக்கென்றே 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முனையுள்ள விஎம்95எஸ்பி ஊசி இருக்கிறது. ஒரு கார்ட்ரிட்ஜ், எல்பிக்கு ஒரு ஊசி, 78க்கு ஒரு ஊசி. இவ்வளவும் அவர் சட்டைப் பையிலேயே வந்துவிடும்.